உப்பும் ஐஸும் போட்டு அனுப்பிய இரத்தம்

என் ஆசை அக்காவுக்கு,

கொழும்புக்குப் பாதை திறந்துவிட்டது. நீங்கள் நோயோடு கிடந்தபோது சண்டையால் மூடிக் கிடந்த அதே பாதைதான். அதில் என் இரத்தம் போய்ப் பழுதாகிவிட்டது. சிரிக்காமல் கேளுங்கள்.

உங்களுக்கு வந்த மார்புப் புற்றுக் கட்டி எனக்கும் வந்தது. போன வருடம் யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்தார்கள். ஆனாலும் குளிக்கும்போதெல்லாம் கை தானாக மற்றப் பக்கத்தைத் தடவிப் பார்க்கிறது.

கிளினிக்குக்கு வந்த கொழும்பு டொக்டர் ஒருவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். புற்றுக் கலங்கள் சாகும்போது தங்கள் டி.என்.ஏ. துண்டுகளை இரத்தத்தில் விட்டுப் போகுமாம். அவற்றைப் பிடித்தால் கைக்குத் தட்டுப்படாத கட்டியையும் கண்டுபிடிக்கலாமாம். இன்னும் ஆய்வுதான், முழுதாக நம்பிவிட வேண்டாம் என்றும் சொன்னார். அது மட்டும் என் காதில் ஏறவில்லை.

அந்த ஆய்வுக்கென்று ஊர்காவற்றுறையில் நேர்ஸ் இரத்தம் எடுத்து, சூடு படாமல் கொழும்புக்கு அனுப்பச் சொன்னா. கடல்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? என் வீட்டுக்காரர் அன்ரன் மீன்பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, இன்னும் குளிரட்டும் என்று உப்பும் தூவி, மீன் லொறியில் ஏற்றிவிட்டார்.

உப்புப் போட்ட ஐஸின் கடுங்குளிரில் இரத்தமும் ஐஸாக உறைந்து போனதாம். நல்ல கலங்களும் வெடித்து அவற்றின் டி.என்.ஏ.யும் கலந்துவிட்டதால், இனி அதில் எதையும் தேட முடியாது என்று டொக்டர் போனில் சொன்னார். அன்ரன் அன்று கடலுக்கே போகவில்லை.

"மீன் பழுதானா மணக்கும். இரத்தம் பழுதானது எனக்கு எப்பிடியப்பா தெரியும்?" என்றார்.

அக்கா, எனக்கோ ஆறுதலாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கலாமே! கட்டியை எங்களுக்கு மறைத்த மாதங்களில் நீங்களும் இப்படித்தான் இருந்தீர்களா? நீங்கள் எங்களை விட்டுப் போனதற்கு நாங்கள் பாதையையே திட்டிக்கொண்டிருந்தோம்.

திரும்ப இரத்தம் கொடுக்காமல் நாளைக் கடத்தினேன். என்னோடு வளரும் உங்கள் மகள் நேற்று நான் சமைக்கையில் குசினிக்குள் வந்து நின்றாள்.

"சின்னம்மா, அம்மா மாதிரி நீங்களும் ஒளிப்பியளோ?"

இன்னொரு தாயையும் இழக்க அந்தப் பிள்ளைக்கு ஏலாது.

நாளைக் காலை அனலைதீவிலிருந்து முதல் வள்ளம் ஏறிக் கொழும்புக்கு வெளிக்கிடுகிறேன். இந்த முறை இரத்தத்தைப் பெட்டியில் அனுப்பவில்லை, என் உடம்பிலேயே கொண்டுபோகிறேன். உங்கள் மகளும் கூட வருகிறாள். டொக்டர் சொல்லும் முடிவு எதுவானாலும் அவளை வெளியே நிற்கச் சொல்ல மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் பிள்ளைக்குத் தாயாக நிற்கும் தங்கச்சி,
றெஜினா