விற்கப்போகிற ஜீப்புக்குப் புது புஷ்

ஜூலை 7, செவ்வாய்

காற்று. காயப்போட்ட துணியைத் தொட்டால் உப்பு நறநற. ஆபீசில் சர்வர் படுத்துவிட்டது. ஒரு கன்டெய்னர் பேப்பர்கூட நகரவில்லை.

மதியம் வீட்டுக்காரர் ஜெ. கப்பலிலிருந்து பேசினார். ஜீப்புக்கு ஆள் பார்த்துவிட்டாராம். கோவில்பட்டிக்காரர், தோட்டத்துக்கு வேண்டுமாம், ஞாயிறு வருகிறார். "முன்னாடி கடகடன்னு அடிக்குதுன்னு நீதான சொன்ன? தள்ளி விட்டுரு. உனக்கு நல்ல கார் ஒண்ணு பாப்போம்." சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

மகள் மதுரை ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு சாயர்புரம் பக்கம் தேரிக்குப் போகிறேன். தனியாக. செம்மணல் மேடு, பனை. எஞ்சினை நிறுத்தினால் காற்று மட்டும். வேறெங்கும் எனக்கு உட்கார வராது. ஜெ.க்குத் தெரியாது. புருஷனிடம் மறைக்க இதில் என்ன இருக்கிறது? சொல்லவும் ஒன்றும் இல்லை.

ஜூலை 8, புதன்

அரைத் தூக்கம். பால், கிரீஸ், கேஸ் புக் பண்ண.

சத்தத்தை அப்படியே விட்டால் கோவில்பட்டிக்காரர் வேண்டாம் என்பார். கெட்ட எண்ணம். பிடித்திருந்தது.

சாயங்காலம் டார்ச்சோடு ஜீப்புக்கு அடியில் படுத்தேன். மீன் நாற்றம். பட்டை ஸ்பிரிங் முழுக்க எண்ணெய், அதில் தேரி மணல் அப்பிக் கிடக்கிறது. பட்டை முனையில் இருக்கும் ரப்பர் புஷ் ஊறி ஊதி, கிள்ளினால் அல்வா மாதிரி வருகிறது. கடகட அதிலிருந்துதான்.

ஜெ.யின் தம்பி ராயப்பனுக்குப் போன்.

"நாந்தான் மைனி பூசுனேன். மீனெண்ணெய். உப்புக்காத்துக்குத் துரு ஏறாதுல்லா? எங்க வள்ளத்துக்கு வருசா வருசம் அதான பூசுதோம்."

"உன் வள்ளத்துல ரப்பர் எங்கல இருக்கு?"

"அட, ஆமா." பிறகு ஒரே சிரிப்பு. "டயருக்கும் பூசலாம்னு இருந்தேன், நல்லவேளை."

ஜூலை 10, வெள்ளி

சத்தத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆபீசில் உட்கார்ந்தால் அந்தக் கடகட காதிலேயே. பெர்மிஷன் போட்டுவிட்டு ஸ்பேர்ஸ் கடை.

"மெக்கானிக்க அனுப்பலாம்லாம்மா?" கடை அண்ணாச்சி.

"நாந்தான் மெக்கானிக்."

ராயப்பன் ஜாக்கி போட்டான். பழைய புஷ் லேசில் வரவில்லை, அடித்தே எடுத்தோம். பட்டையை மண்ணெண்ணெய் போட்டுத் துலக்கி, காயவிட்டு, புதுசு மாட்டியாச்சு. முன் டயர்களில் பட்டன், தரையைப் பிடிக்கும் அந்த ரப்பர் கட்டைகள், ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. அந்த டயர்களைப் பின்சக்கரத்துக்கு மாற்றினோம்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்கு மைனி இந்தப் பாடு? பொண்ணக் கட்டிக்குடுக்க மாதிரி."

நகக்கண்ணெல்லாம் கருப்பு. சோப்புக்குப் போகவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

கோவில்பட்டிக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, மரியாதையான மனிதர். தார் ரோட்டில் ஜீப் ஒரு முனகல் இல்லாமல் போனது. என்மேலேயே எரிச்சல்.

"மணல்ல போகுமா தங்கச்சி?"

"போகும்."

தேரிக்குள் அவரே ஓட்டினார். மணலில் இறங்குமுன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் கரிசல்காட்டுக்காரர். நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். நாலு பனை தாண்டுமுன் அச்சு வரை புதைந்தது.

"வண்டில இழுவையே இல்லையே. இது நமக்குத் தோதுப்படாது."

இதைத்தானே கேட்டேன்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இழுவை இல்லையாம்.

"இறங்குங்க அண்ணாச்சி."

நாலு டயரிலும் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினேன். சக்கரத்து மணலைக் கையால் தள்ளினேன். லோ கியர். மெல்ல ஏறி வந்தது. மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"ஏயப்பா! தங்கம்லா இது. இப்பமே முடிச்சிருவோம்."

"விக்கலை அண்ணாச்சி."

"பொறவு எதுக்கும்மா என்ன வரச்சொன்னிய?"

"வரச்சொன்னது வீட்டுக்காரர். நான் இல்ல."

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் போனார். நியாயம்தான்.

ஆறு மணிக்கு ஜெ. போன். "என்னளா இது, அந்த மனுசன்ட்ட என் பேரு கெட்டுது."

"எனக்கு அது வேணும்."

"எதுக்கு?"

"தேரிக்குப் போக."

"தேரில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான்."

கப்பல் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ஜெ. கேட்டார்.

"காத்த இறக்கித்தான் மேடு ஏத்துனன்னு அந்த மனுசன் சொன்னாரு. திரும்பக் காத்து அடிச்சியா?"

"மறந்துட்டேன்."

"அப்படியேவா தார் ரோட்டுல வந்த? ஏளா, டயர் கிழிஞ்சிரும். மொதல்ல போய் அடி."

பஞ்சர் கடை பூட்டுமுன் போகணும்.