தடை செய்யப்பட்ட மருந்து

அண்ணை,

பிரிஜ்ஜின் மேல்தட்டில் ஐஸ் இறுகிக் கதவு பூட்டுப்படவில்லை என்று இன்று மத்தியானம் அதை நிறுத்தி உருக விட்டேன். வழிந்த தண்ணீரோடு பின்மூலையிலிருந்து உங்களுடைய நீலப்பை வெளியே வந்தது. உள்ளங்கை அகலம், உள்ளே நீலக்கூழ், ஒரு பக்கத்தில் பார்மசியின் பச்சைச் சிலுவை. ஊசி மருந்து வீட்டுக்கு வந்து சேருமட்டும் சூடாகாமல் இருக்க அவர்கள் சும்மா கொடுக்கிற குளிர்ப்பை. அதைக் கையில் பிடித்தபடி குசினியில் நிற்கிறேன், அறைக்குள் தொலைக்காட்சியில் யூலை மாதச் சைக்கிள் ஓட்டம் போகிறது. ஓட்டத்துக்கு விளக்கம் சொல்ல யாரைக் கூப்பிட்டு இருத்தி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அவனைத்தான். எங்கடை பெடியன் என்று சொல்லுவீர்களே, அந்த ஓட்டக்காரனை.

நல்ல கோட் ஒன்று போட்டிருக்கிறான். கொஞ்சம் வயிறும் வைத்துவிட்டது. அந்த நாளில் ஊசி போட்டதைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள். கண்டறியாத ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அந்தக் காலம் அப்படி, எல்லாரும்தான் போட்டார்கள் என்றான். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு இதை எழுதக் குந்தியிருக்கிறேன். இந்தக் கோபத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

சண்டை முடிந்த அடுத்த வருடம் வன்னியிலிருந்து வந்து சேர்ந்தீர்கள். அண்ணியும் மகள் சின்னவளும் வவுனியாவில். உங்கள் அகதிக் கேஸ் சரிவந்து வதிவிடக் கார்ட் கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம், அது ஒன்றுதான் உங்கள் நினைப்பு. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஆறாம் மாடியில் என் அறையில் ஒரு கட்டில் சும்மா கிடந்தது. லிப்ட் இல்லை என்று முதலே சொல்லித்தான் கூட்டி வந்தேன். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினீர்கள். பயணக் களைப்பு என்று நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள்.

களைப்பில்லை, சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க நான்தான் பக்கத்தில் இருந்தேன். சிறுநீரகம் பழுதானால் உடம்பில் இரத்தம் ஊறாது, அதை ஊறவைக்கக் கிழமைக்கு ஒரு ஊசி, வயிற்றுத் தோலில் தானே குத்திக்கொள்ளலாம் என்று டொக்டர் மதாம் ஆறுதலாக விளங்கப்படுத்தினா. மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்க வரவேண்டும் என்றும் சொன்னா. இரண்டு மாதத்தில் உங்கள் முகத்தில் நிறம் திரும்பியது. காலையில் நாலு மணித்தியாலம் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கிவிட்டு வந்து சமைத்தும் வைப்பீர்கள்.

ரெஸ்ரோறன்ற் வேலைக்காரனுக்குப் பின்னேரம் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் ஒரு பொழுது இருக்கிறது. தூரத்தில் இருக்கிறவன் மெத்ரோ ரயிலில் நித்திரை கொள்வான், நான் கிட்ட இருப்பதால் ஓடி வந்துவிடுவேன். யூலையில் அந்த நேரத்தில் காசில்லாமல் பார்க்கக்கூடியது சைக்கிள் ஓட்டம் ஒன்றுதான். எங்கடை சனம் கூடுகிற லாச்சப்பலில் எத்தனை குசினிக்காரர் அப்படித்தான் அதற்குள் விழுந்தோம். உங்களுக்கோ அது பெரிய புதினம். அரிசி, பாய், சட்டி பானை எல்லாம் கட்டி சைக்கிளை இடம் இடமாகத் தள்ளிக்கொண்டு ஓடின மனிசன் நீங்கள். ஒரு சாமானும் இல்லாத சைக்கிளில் இவ்வளவு பேர் எங்கே போகிறார்கள் என்று முதல் நாள் கேட்டீர்கள். எங்கேயும் இல்லை, சும்மா போட்டி என்றேன். விசர்க் கூட்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் எனக்கு முதலே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தீர்கள்.

அவனை நீங்கள்தான் பிடித்தீர்கள். அவனுடைய நாட்டின் பெயர்கூட உங்கள் வாயில் வராது. மற்றவர்கள் மலையில் முகத்தைக் கோணிக்கொண்டு ஏற, அவன் கோவில் வீதியில் போகிறவன் மாதிரி ஏறினான். அதில் உங்களுக்கு அவனைப் பிடித்துப்போய், அன்றிலிருந்து எங்கடை பெடியன் எங்கை, எங்கடை பெடியன் சாப்பிட்டானோ என்று ஒரே அலுப்பு.

அந்த மழை நாள் எனக்கு மறக்காது. இறக்கத்தில் வழுக்கி மதிலோடு மோதி விழுந்தான். முழங்கையால் இரத்தம் ஒழுக எழும்பி, வேறு சைக்கிளில் ஏறி, கடைசி மலையில் முன்னுக்குப் போனவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, தனியனாய் மேலே போய்ச் சேர்ந்தான். நீங்கள் கட்டிலில் இருந்து எழும்பி இரண்டு கையையும் தலையில் வைத்தபடி நின்றீர்கள். கண்ணால் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. நான் பகிடி பண்ண வாயெடுத்துவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

"விழுந்தவன் எழும்பி ஏறுறான், தம்பி. பிறகு எனக்கென்ன வந்தது?" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எங்கள் படிக்கட்டு மலையாகிவிட்டது. வெறுங்கையோடு ஏறினால் அது சமதரை நாள். உருளைக்கிழங்கு மூட்டையோடு ஏறினால் மலைநாள். மேலே வந்ததும் அவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பீர்கள். ஐந்தாம் மாடிக் கிழவி மதாம் ஒரு நாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கை தட்டினா. நீங்கள் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அடுத்த வருடம் அவன் பிடிபட்டான். ரூ பெர்தொனேயில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கிறோம். நகைக்கடையில் வேலை செய்கிற தம்பி போனில் தமிழ்ச் செய்தியைப் பிடித்து எல்லாருக்கும் கேட்க வாசித்தான்: தடை செய்யப்பட்ட மருந்து பாவித்த சைக்கிள் வீரர் சிக்கினார். கீழே மருந்தின் பெயரும் போட்டிருந்தது. இரத்தத்தை ஊறவைக்கும் ஊசியாம். உங்கள் ஊசியேதான். உங்களுக்கு ஊசி போடுவது அந்தத் தம்பிக்குத் தெரியும், அவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்ப அண்ணையும் அடுத்தமுறை ஓட்டத்துக்குப் போகலாம்" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மெல்லமாகக் கேட்டீர்கள், அப்ப இது தடை செய்த மருந்தோ என்று. ஓட்டக்காரருக்குத்தான் தடை, அவர்கள் நல்ல உடம்பில் களவாய் ஏற்றுகிறார்கள், வருத்தக்காரருக்கு டொக்டரே எழுதித் தருகிறார் என்று விளங்கப்படுத்தினேன். ஓம், ஓம் என்றீர்கள். அந்தக் கதை அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் தொலைக்காட்சியில் திருப்பித் திருப்பி ஒரே படம்: பொலிஸ் அவனுடைய அணியின் பஸ்ஸுக்குள் ஏறிப் பைகளைக் கொட்டி ஊசிகளை எடுக்கிறது. இரத்தப் பரிசோதனையில்தான் ஆளைப் பிடித்தோம் என்று ஒருவர் சொல்கிறார். நீங்கள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெடியன் ஏமாற்றிவிட்டான் என்ற கவலை என்று நான் நினைத்தேன். நான் கடைசிச் சண்டைக்கு முதலே இஞ்சை வந்து சேர்ந்த ஆள் அண்ணை. தடை என்ற சொல் எனக்குப் பேப்பரில் வருகிற ஒரு சொல். உங்களுக்கு அது சென்றிக் காவலரணில் கொட்டப்பட்ட பை. பற்றறி தடை, பெற்றோல் தடை, காயத்துக்குப் போடுகிற மருந்து தடை. அங்கே ஆருக்குத் தடை என்று ஒருத்தரும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. பையில் இருந்தால் ஆளைக் கொண்டுபோவார்கள், அவ்வளவுதான்.

லாச்சப்பல் மெத்ரோ வாசலில் பொலிஸ் நின்று ஆட்களின் விசாப் பேப்பரைச் சோதிப்பது வழக்கம். உங்களிடம் இருந்தது மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிற தற்காலிகத் துண்டு. அந்தத் துண்டையும் அந்த ஊசியையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்ட உங்களால் முடியவில்லை. மிச்ச ஊசிகளைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டீர்கள். இரத்தம் எடுத்தால் பிடிபடும் என்று சோதனைக்கும் போகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊசி போட்டாச்சோ என்று கேட்டால் ஓம். ஆஸ்பத்திரிக்குப் போனீங்களோ என்றால் அதற்கும் ஓம். திரும்ப ஒவ்வொரு மாடியிலும் நிற்கத் தொடங்கினீர்கள். என்ன அண்ணை என்றால், இந்த வருஷம் மலை கூட என்று பகிடி விட்டீர்கள். நானும் சிரித்தேனே.

ஒரு பின்னேரம் நான் வேலையால் வரும்போது நான்காம் மாடித் திருப்பத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தீர்கள். பக்கத்தில் கிழங்கு மூட்டை. உதடு வெள்ளைப் பேப்பர். ஆஸ்பத்திரியில் அதே டொக்டர் மதாம்தான். இரத்தம் பாதிகூட இல்லை, இதயம் களைத்துவிட்டது, இவர் ஊசி போடவில்லையா என்று கேட்டா. நான் உங்களைக் கேட்டேன். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நீங்கள் சொன்னது இதுதான்:

"செக்கிங்கிலை அந்த மருந்தோடை பிடிச்சால் என்ரை கேஸ் போயிடும், தம்பி. பிள்ளையை எப்பிடிக் கூப்பிடுறது?"

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். மதாமுக்கு விளங்கவில்லை, திருப்பிச் சொல்லச் சொன்னா. இரண்டாம் தரம் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்கள் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டா. அந்த ஊசி உங்களுக்காகத்தான் கண்டுபிடித்தது என்று அவருக்குச் சொல்லுங்கள் என்றா. சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். மூன்றாம் நாள் விடிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சிறுநீரகம் பழுதாகிப் போய்விட்டீர்கள் என்று மட்டும் அண்ணிக்குச் சொன்னேன். இதை எப்படிச் சொல்வது? ஊரில் நடந்தவை எல்லாவற்றுக்கும் தப்பி வந்த மனிசனை ஒரு சைக்கிள் ஓட்டச் செய்தி கொண்டுபோய்விட்டது என்றா சொல்வது?

அவனுக்கும் தடை கிடைத்தது அண்ணை. இரண்டு வருடத் தடை. அந்தக் கோதாரியில போவான் அந்த இரண்டு வருடமும் தன் வீட்டில் இருந்து மீன் பிடித்தான், படம் எடுத்துப் பேப்பரில் போட்டார்கள். வென்ற பரிசைத் திருப்பி வாங்கினார்கள், பிறகு ஓட்டத்துக்கே திரும்பி வந்தான், சனமும் ரோட்டோரம் நின்று கை தட்டியது. அவனுக்குத் தடை என்றால் நீட்டு லீவு. நல்ல இரத்தம் ஓடுகிற உடம்பில், இன்னொருவனை முந்துவதற்காக, எழும்பி நிற்க முடியாதவனுடைய மருந்தை எடுத்து ஏற்றினான். மருந்தின் பெயரைக் கெடுத்தான். இரத்தம் ஒழுக ஒழுக மலை ஏறி உங்களை அழ வைத்தானே, அந்த அழுகைக்கு அவன் என்ன பதில் சொல்வான்? எல்லாரும் செய்தார்களாம். நீங்கள் செய்யவில்லையே. உங்களுக்குச் செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தும் செய்யவில்லையே.

இப்போது வன்னிப் பக்கத்திலிருந்து வந்த யாருக்காவது ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கப் போனால் தடை என்ற சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. இது உங்கடை மருந்து, பொலிஸ் கேட்டால் எடுத்துக் காட்டுங்கோ, ஒளிக்காதேங்கோ என்று மூன்று தரம் சொல்லுவேன். பார்மசிக்கும் கூடப் போவேன். சிலர் இவனுக்கென்ன விசரோ என்று பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

பிரிஜ்ஜைத் துடைத்து நீலப்பையைத் திரும்ப அதே மூலையில் வைத்துவிட்டேன். ஆறு மணிக்கு வேலை, இனி இறங்க வேண்டும். இரவு திரும்பி ஏறும்போது நான்காம் மாடித் திருப்பத்தில் வழக்கம்போல ஒரு நிமிஷம் நிற்பேன். அவனுடைய ஆட்கள் மருந்தோடு ஏறின மலையை நீங்கள் மருந்தில்லாமல் கிழங்கு மூட்டையோடு நாள்தோறும் ஏறினீர்கள். ஒரு களவும் இல்லாமல் ஏறின ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள்தான், ஆனால் அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். உங்களிலும் எனக்குக் கோபம்தான். ஊசியைப் போட்டுக்கொண்டு ஏறி வந்திருக்கலாமே, அண்ணை.