வெள்ளச்சிக்கு நாலாவது சான்று

நவம்பர் 10, திங்கள்

நேற்று பெங்களூருவில் நாய்ப் போட்டி. மறுபடியும் இரண்டாவது. இரண்டாவதாக நிற்பதற்கென்றே பிறந்த கூட்டம் நாங்கள். நான், என் வீட்டுக்காரர் வளவன், இப்போது நாயும்.

லேபில் கூட வேலை பார்க்கும் மஞ்சு கேட்டாள், "அதான் மூணு தடவ ஜெயிச்சிட்டீங்களே அக்கா, இன்னும் இன்னாத்துக்கு ஊர் ஊரா இட்டுனு போறீங்க?" விளக்கினேன். ராஜபாளையம் நாய்களில் பொட்டைகளை மட்டும் தனியாக நிறுத்துவார்கள். நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், ஓடவிட்டு நடை பார்ப்பார். இருப்பதில் சிறந்த ஒன்றுக்குத்தான் அன்றைக்குச் சான்று. அப்படி நாலு சேர்ந்தால் பெயருக்கு முன்னால் சாம்பியன் என்று போட்டுக்கொள்ளலாம். நாலையும் ஒரே நடுவரிடம் வாங்கினால் செல்லாது.

"பொண்ணு பாக்க வர்ற மாதிரியே இருக்குது" என்றாள். சிரித்துத் தொலைத்தேன்.

எங்கள் வெள்ளச்சிக்கு மூன்று இருக்கிறது. கோடை வந்துவிட்டால் போட்டிகள் கிடையாது. நாலாவது கிடைக்காது. எனக்குத் தெரியும்.

நவம்பர் 13, வியாழன்

லாரன்ஸ் அண்ணன் போன் செய்தார். திண்டிவனம் பக்கம் நாய்ப் பண்ணை வைத்திருப்பவர். வெள்ளச்சியைக் குட்டியாக எங்களுக்குக் கொடுத்தது அவர்தான். கூடப் பிறந்த இன்னொரு பொட்டையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "மனச வுடாதம்மா. ஜட்ஜ் இன்னா சொன்னாரு பாத்தியா? இவ்ளோ நிதானமான நாய நான் பாத்ததே இல்லன்னாரு. பட்டம் மட்டும் வந்துடட்டும், என் கடுவனோட சேத்து குட்டி எடுத்துடலாம்."

மனதை நான் எங்கே விடுவது? அது போய் எவ்வளவோ நாளாகிறது.

நவம்பர் 20, வியாழன். அமாவாசை

காலையிலிருந்து மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள். ஒரு வேனில் பம்பை அடித்துக்கொண்டே போனார்கள். தெரு நாய்கள் அத்தனையும் ஊளை. வெள்ளச்சி மட்டும் வாசலில் சுகமாகத் தூங்கினாள். வளவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஜமீன் ரத்தம் மதி. ஊரே இடிஞ்சி வுழுந்தாலும் அசையாது."

சாயங்காலம் அவளைக் கடைவீதிப் பக்கம் நடத்திப் போனேன். இரும்புக்கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "ராஜபாளையமா? காலனிலயா? யாரு வூட்டு நாய பாத்துக்கிற?"

"எங்க வூட்டுதுதான்" என்றேன். நம்பவில்லை.

இந்த ஊரில் எங்களைப் பார்த்தால் முதலில் எந்தத் தெரு என்றுதான் கேட்பார்கள். போட்டித் திடலில் கையில் ஓர் எண்ணைக் கட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் நாயிடம்தான் கேட்கிறார்கள். அந்தப் பட்டம் எனக்கு வேண்டும். நாய்க்கென்று சொல்வது சும்மா. எனக்குத்தான் வேண்டும்.

டிசம்பர் 3, புதன்

வளவன் டாடா ஏஸை ரிவர்ஸ் எடுத்திருக்கிறார். பின்னால் கொட்டியிருந்த மணலில் வெள்ளச்சி படுத்திருந்தாள். "ஆரன் மேல ஆரன் அடிக்கிறேன், எழுந்திரிக்கவே இல்ல. சக்கரத்துக்கும் அவளுக்கும் ஒரு சாண்தான் இருந்துது மதி." பிறகு அவரே, "திமிரப் பாரேன் அதுக்கு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கவும் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

அவள் தூங்கும்போது பின்னால் நின்று தட்டில் கரண்டியால் அடித்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழுதது. இவள் காது மடல்கூட ஆடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கத்தினேன். பிறகு பக்கத்தில் போக ஓர் அடி வைத்தேன். உடனே தலையைத் தூக்கி வாலை ஆட்டினாள்.

தரை அதிர்வதை வைத்துத்தான் இத்தனை நாளும் — போட்டிக்கென்று கையசைவிலும் கயிற்றின் இழுப்பிலுமே பழக்கினோம், அதனால் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டு வராவிட்டால் ராங்கி என்றோம். ஐயோ. ரெண்டு வருஷமா பக்கத்துலயே வச்சிக்கினு இன்னாத்த பாத்தேன் நானு?

டிசம்பர் 6, சனி

கால்நடை டாக்டரிடம் காட்டினோம். "ரெண்டு காதும் சுத்தமா கேக்கல. பொறவியிலயே. முழு வெள்ளையா இருக்கற நாய்ங்களுக்கு இது வர்றதுதான். குட்டிங்களுக்கும் வரலாம்."

போட்டிக்கு? அதையும் கேட்டேன். "காது கேக்காத நாய நிறுத்தக் கூடாதும்மா. ஆனா அங்க யாரும் காதச் சோதிச்சிப் பாக்கறதில்ல. அப்புறம் உங்க மனசு."

என் மனசாம். நடுவர்கள் மெச்சிய நிதானம் இதுதான்.

டிசம்பர் 7, ஞாயிறு

வளவன் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தார். இன்று வாயைத் திறந்தார். "ஒண்ணே ஒண்ணுதான பாக்கி. வாங்கிட்டு நிறுத்திக்கலாம். யார் குடிய கெடுத்துட்டோம் நாம?" பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் சரி என்றுதானே அர்த்தம்?

டிசம்பர் 19, வெள்ளி

ஈரல் வாங்கி வந்து பயிற்சி. துண்டைக் காட்டினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஜனவரி 4, ஞாயிறு. சென்னை

கிடைத்துவிட்டது.

கடைசியில் இவளும் ஓசூர்க்காரர் ஒருவரின் நாயும்தான். அதுதான் அழகு, நடையும் அதற்குத்தான். நடுவர் அதன் பக்கம் திரும்பும்போது மைக் கீச்சென்று அலறியது. அந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டு மிரண்டது. அப்புறம் நேராக நிற்கவே இல்லை. இவள் என் கையைப் பார்த்தபடி நின்றாள். நடுவர் சான்றை என்னிடம் கொடுத்துக் கை குலுக்கினார்.

வளவன் அழுதார். ஓசூர்க்காரர் வந்து வெள்ளச்சியின் தலையைத் தடவி, "என்ன தைரியம் இதுக்கு!" என்றார். நல்ல மனிதர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

பஸ் ஸ்டாண்ட் எதிரில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள் எங்கள் தெருப் பையன்கள். வெள்ளச்சி நடுவில், நானும் வளவனும் இரண்டு பக்கம். இரும்புக்கடைக்காரர் கூப்பிட்டுப் பேசினார். "ஒரு குட்டி எனக்கு எடுத்து வையிம்மா." வையிம்மா! எதற்காக இத்தனை ஆசைப்பட்டேனோ அது கிடைத்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரி 2, திங்கள்

வளவனிடம் கேட்காமலே வெள்ளச்சிக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டேன். இனிக் குட்டி இல்லை. சான்றைத் திருப்பிக் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை. வாயில்லா ஜீவனை மேஜையில் படுக்கவைக்க மட்டும் வந்தது. வளவன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். என் பொய் இவளோடு முடிந்தால் சரி.

பிப்ரவரி 15, ஞாயிறு

லாரன்ஸ் அண்ணன் போன். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? சாம்பியனுக்கு யாராவது கர்ப்பப்பைய எடுப்பாங்களா?"

"கட்டி இருந்துது அண்ணே" என்றேன். பொய் இப்போது தானாகவே வருகிறது.

அவர் குரல் இறங்கிவிட்டது. "அய்யய்யோ. சரி, வுடு, வுடு. உசுரு பொழச்சிதே, அது போதும். நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். இதோட கூடப் பொறந்தது எங்கிட்ட இருக்குதில்ல, அது சினையா இருக்குது. சாம்பியனோட கூடப் பொறந்ததுன்னதும் குட்டிங்கள இப்பவே சொல்லி வச்சிட்டாங்க. எல்லாம் உன் புண்ணியம்மா."

அதற்குக் காது கேட்கிறதா என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விதான். வாயைத் திறந்தேன்.

"சந்தோஷம் அண்ணே" என்றேன்.