கவரில் வந்த ரசீது

புனே
12.2.1996

மாதா துணை.

அன்புள்ள அம்மாவுக்கு செலஸ்தினா எழுதுவது. எனக்கு இருமல் விட்டுவிட்டது, கவலைப்படாதே. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வழக்கம்போல் கவரில் எழுதாமல், இந்த முறை வேண்டுமென்றே கார்டில் எழுதுகிறேன். இதை அம்மாவுக்குப் படித்துச் சொல்லும் தபால்காரர் சுப்பராயன் அண்ணே, குழாயடியில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படியுங்கள்.

நான் வேலை பார்த்த முதல் ஆஸ்பத்திரி சம்பளம் தராமல் இழுத்தடித்ததால், நர்சிங் காலேஜில் வாங்கிய படிப்புக் கடனுக்கு ஏழு மாதம் தவணை கட்ட முடியவில்லை. காலேஜின் கடன் பிரிவு மேனேஜர் குருபிரசாத் மாதம் ஒரு கார்டு உனக்குப் போட்டார். ‘உங்கள் மகள் கடனை ஏமாற்றுகிறாள்’ என்று சிவப்பு மையில். சுப்பராயன் அண்ணன் குழாயடியில் படிக்க, குப்பமே கேட்டது. “எம் பொண்ணு இன்னா திருடியா?” என்று நீ அழுததை அக்கா எழுதியிருந்தாள்.

போன மாதம் வட்டியோடு கட்டி முடித்தேன். நேற்று ரசீது வந்தது. அதை மட்டும் கவரில் போட்டு, பசை தடவி ஒட்டி அனுப்பியிருக்கிறார் அந்த மனுஷன்!

விடுவேனா? மேற்கு மாம்பலத்தில் அவர் வீட்டு விலாசத்தைப் பிடித்துவிட்டேன். ‘கடன் தீர்ந்தது, ஏசியது தப்பு என்று என் அம்மாவுக்குக் கார்டில் எழுதுங்கள்’ என்று சிவப்பு மையில் ஒரு கார்டு போட்டாயிற்று. அவர் தெருவும் படிக்கட்டும்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பு. நீ கூடைக்குச் சும்மாடு கட்டும் பழைய துண்டு ஒன்றும் வை. துவைக்க வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது, கார்டிலும் இடமில்லை. உனக்கு ஏழு கார்டு போட்டார். அவருக்கு இன்னும் ஆறு பாக்கி.

உன் மகள்
செலஸ்தினா