மொட்டைக்கரட்டுச் சோலார்

மாசி 3, வெள்ளி

பத்து மணி வரை மூட்டம். களத்தில் பரப்பிய மிளகைத் திரும்ப அள்ளி உள்ளே வைத்தேன். இடுப்பு வலி, நேற்றைப் போலவே.

மாட்டை ஓட்டிக்கொண்டு மொட்டைக்கரட்டுக் குன்றுக்குப் போன வெள்ளையம்மா அக்கா பாதியில் திரும்பி நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். கரடு முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருக்கிறதாம். சோலார் கம்பெனி. மேலே தகடு பதித்துச் சுற்றிக் கம்பிவேலி போடப் போகிறார்கள் என்று கல் நட்டவனே சொன்னானாம்.

"நீ மெம்பரு. உனக்குத் தெரியாமயா நட்டாங்க?" என்றார்.

தெரியாது. யாரும் சொல்லவில்லை. வார்டு மெம்பர் என்றால் தெருவிளக்கு எரியாததற்குத் திட்டு வாங்குகிறவள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

புறம்போக்குதான், யார் பேரிலும் பட்டா இல்லை. ஆனால் எங்கள் ஊர் நடுவளவு மாடெல்லாம் அங்கேதான் மேய்கிறது. குடிப்பதும் வயலுக்குப் பாய்வதும் அந்தக் கரட்டடி ஊற்றுதான். சாயங்காலம் வரை ஆள் மாற்றி ஆள் வந்து அதையே சொன்னார்கள், எனக்குத் தெரியாதது போல.

வாங்க வேண்டியது: டீத்தூள் (தீர்ந்தே விட்டது), இடுப்புக்குத் தைலம், சுமதி போனுக்கு ரீசார்ஜ். மலையில் அடுத்த நாடான எடப்புளியில், ஓடைவளவு ஊருக்குக் கட்டிக்கொடுத்தும் மகளுக்கு ரீசார்ஜ் நான்தான்.

மாசி 5, ஞாயிறு

கோயில் முன்னால் கூட்டம். குளிர்காற்று. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கரட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் உட்காருவது, மெஷினை ஏற விடுவதில்லை என்று முடிவு.

என் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி வந்தால் தார்ரோடு வரும், உள்ளூர் ஆளுக்கு வேலை என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். வெள்ளையம்மா அக்கா, உன் மாட்டை வித்துட்ட, உனக்கென்ன என்று கேட்டுவிட்டார். அண்ணன் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உம்புள்ளயக் கட்டிக்குடுத்துட்ட. எம்பையன் மணி டிப்ளமா முடிச்சுட்டுத் திருப்பூர்ல பனியன் கம்பெனில நின்னுட்டே கெடக்கறான். இங்க ஒரு வாட்ச்மேன் வேலை வந்தா ஊட்டுச் சோறு திம்பான். அதையும் வேணாங்கறியா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. வேண்டும் என்று எப்படிச் சொல்வது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வரும் வழியில் இவர், என் வீட்டுக்காரர், சொன்னது: "நீ மெம்பருக்கு நின்னப்பவே நான் சொன்னேன்." அவ்வளவுதான் பேசினார்.

மாசி 6, திங்கள்

செம்மேடு. தாலுகா ஆபீஸ். பஸ்ஸில் நின்றுகொண்டே. மனு கொடுத்தோம். ஆபீசர் வெளியே போயிருந்தார், காத்திருந்தோம். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, ஊர்க்காரர்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் உண்டு, அதில் சொல்லுங்கள் என்றார். முடிவாகாமல் கல் எப்படி நட்டார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவருக்குப் போன்.

தைலம் மறந்துவிட்டேன்.

மாசி 9, வியாழன்

பாதையில் உட்காருவது தொடர்கிறது. இது இவ்வளவு சலிப்பான வேலை என்று யாரும் சொல்லவில்லை. காலையில் சாக்கை விரித்தால் மாலையில் மடிப்பது. நடுவில் ஒன்றுமில்லை. மிளகைக் கொண்டுவந்து காம்பு பிரித்தோம். ஆம்பளைகள் முதல் நாள் வந்ததோடு சரி. காட்டு வேலை.

ஜேசிபி வந்து கீழ் வளைவில் நிற்கிறது. டிரைவர் ராசிபுரத்துப் பக்கத்துக்காரர். முதல் நாள் முறைத்தார். இன்று எங்களோடு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டார். "நானும் சோத்துக்குத்தானுங்க வந்தேன். நீங்க எந்திரிச்சா ஏறுவேன். உக்காந்திருந்தீங்கன்னா நானும் உக்காந்துக்கறேன்" என்றார். வெள்ளையம்மா அக்கா அவருக்கு இன்னொரு துண்டு கிழங்கு வைத்தார்.

பேச்சுவாக்கில் ஒருத்தி: "சோலார் கெட்டதுன்னு ஆரு சொன்னா? எங்கூட்டு மேல ஒண்ணு வெச்சுக் குடுத்தா வேணாம்பனா?" சிரித்தோம். வீட்டில் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை.

அண்ணன் வண்டியில் எங்களைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனாள்.

மாசி 12, ஞாயிறு

தூறல். சாக்கெல்லாம் நனைந்து போச்சு. மிளகு பூசணம் பிடித்துவிடுமோ என்று பயம். இன்று ஐந்தாறு பேர்தான் வந்தோம். நானே போகவேண்டாம் என்று படுத்திருந்தேன், வெள்ளையம்மா அக்கா வந்து கதவைத் தட்டினார்.

சுமதி போன் பண்ணினாள். ஆடு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் பெட்டை. பாதையில் உட்கார்ந்தே பேசினேன். "உனக்கு எதுக்கும்மா இந்த வேல, இடுப்ப வெச்சுட்டு" என்றாள்.

மாசி 14, செவ்வாய்

கருத்துக்கேட்புக் கூட்டம், ஸ்கூல் மைதானத்தில். ஆபீசர்கள், போலீஸ், பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி. ஊரே வந்திருந்தது, ஆம்பளைகள் உட்பட. கம்பெனிக்காரர் குளிருக்குக் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருந்தார். திரையில் படம் போட்டுக் காட்டினார். படத்தில் எங்கள் கரடு வெறும் பழுப்பு நிறம். மாடும் இல்லை, ஊற்றும் இல்லை.

ஊற்றைப் பற்றி நான் கேட்டேன். மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல். பாதிப்பு வராது என்றார். எப்படித் தெரியும் என்றேன். ஆய்வு செய்வோம் என்றார். இன்னும் செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னாலிருந்து கூச்சல்.

வெள்ளையம்மா அக்கா மைக் வாங்காமலே எழுந்து நின்றார். கூச்சல் அடங்கிவிட்டது.

"ஏனுங்க, உங்களுக்கு வெயிலுதான வேணும்? இந்த மலைல வேற கரடே இல்லீங்களா? எங்க தலைமேலதான் வெக்கோணுங்களா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை எரிகிற வரை. கம்பெனிக்காரர் பக்கத்து ஆளிடம் ஏதோ பேசினார், அவர் தலையாட்டினார்.

அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மாசி 16, வியாழன்

நல்ல வெயில். செம்மேட்டிலிருந்து போன்: மொட்டைக்கரட்டில் திட்டம் இல்லை. ஜேசிபி இறங்கிப் போய்விட்டது. டிரைவர் கை காட்டிவிட்டுப் போனாராம், நான் பார்க்கவில்லை.

கோயிலில் பொங்கல் வைத்தார்கள். எனக்கு மாலை வேறு. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இருந்தது, ஆனால் தூக்கம்தான் அதிகம். அண்ணன் வீட்டுக்கு ஒரு தூக்கில் பொங்கல் கொடுத்துவிட்டேன். அண்ணி வாங்கிக்கொண்டாள். "மணி கிட்ட இன்னும் சொல்லல. வேல வருதுன்னு நெனச்சுட்டிருக்கான்" என்றாள்.

மிளகு முழுசும் காய்ந்தது.

மாசி 19, ஞாயிறு

காலையில் சுமதி. அழவில்லை, ஆனால் குரல் சரியில்லை. ஓடைவளவுக்கு மேலே உள்ள கரட்டில் ஜீப் வந்து நின்றிருக்கிறது. கல் நடுகிறார்கள். அதே மஞ்சள். அவள் மாமியார் போய்க் கேட்டதற்கு, நடுவளவில் வேண்டாம் என்றார்கள், அதனால் இங்கே என்று சொன்னார்களாம்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். உண்மைதான். போனை வைத்த பிறகு களத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் நன்றாக ஏறிவிட்டது.

மாசி 20, திங்கள்

வீடு வீடாகப் போனேன். ஓடைவளவுக்கு நாமும் போய் உட்காரலாம், அவர்கள் ஆள் கம்மி என்று. நாலு நாள் முன்பு எனக்கு மாலை போட்டவர்கள். ஒருவருக்கு மிளகு, ஒருவருக்கு வளைகாப்பு, ஒருவர் அது வேற நாடாச்சே, அவங்க நாட்டார் பாத்துக்குவாங்க என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. களைத்துப்போனவர்கள். எனக்கே அப்படித்தான்.

வெள்ளையம்மா அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "நான் அப்பிடி நெனச்சுச் சொல்லல, பூங்கொடி" என்றார். எனக்குத் தெரியும் அக்கா என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை.

இவர், "நீ போயிட்டு வா. மாட்ட நான் பாத்துக்கறேன்" என்றார். இத்தனை நாளில் முதல் நல்ல வார்த்தை.

மாசி 21, செவ்வாய்

காலை பஸ் வரவில்லை. ரோட்டில் நின்றிருந்தேன். அண்ணன் வண்டி வந்து நின்றது. எங்கே என்று கேட்கவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏறு என்றார்.

ஓடைவளவு திருப்பத்தில் நிறுத்தினார்.

"நான் உக்கார மாட்டேன். அங்கயாவது அது வரட்டும்னுதான் எனக்கு. ஆனா சுமதி எனக்கும் புள்ளதான். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

இன்னும் இரண்டு நாள் இருப்பேன் என்றேன். சரி என்று வண்டியைத் திருப்பினார். சுமதிக்கு என்று ஒரு சீப்பு மலைவாழை கொடுத்தார்.

பாதையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கு, மிளகு, பால்குடிக்கும் குழந்தை. சம்பந்தியம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நடுவில் இடம். மெம்பர் வந்துவிட்டார் என்று ஒருத்தி சொன்னாள், எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏனுங்க சம்பந்தி, கூட்டத்துல என்ன சொன்னதுக்கு அவங்க போனாங்க? அதச் சொல்லுங்க, நாங்களும் அதையே சொல்றோம்" என்றார் சம்பந்தியம்மா.

ஊற்றைச் சொன்னோம், மாட்டைச் சொன்னோம் என்றேன். அதெல்லாம் நாங்களும் சொல்லிட்டோங்க, வேற என்ன என்றார். சுமதி ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"வேற கரடு இல்லையான்னு கேட்டோம்" என்றேன்.

சிலர் கீழே மிளகைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா மட்டும் அந்தப் பக்கம், ஓடைக்கு அப்பால் தெரிகிற அடுத்த கரட்டைப் பார்த்தார். அதற்குக் கீழேயும் கூரைகள், புகை.

"அதச் சொல்ல வேண்டாங்க. அந்த ஊர்ல எங்க சின்னம்மா இருக்கறாங்க" என்றார். தூக்கைத் திறந்து எனக்கு முதலில் சாமைச்சோறு போட்டார். அவரைக்காய்க் குழம்பு, காரம் அதிகம். நாளைக்கு அந்த ஊர்க்காரர்களையும் வரச்சொல்லி ஆள் அனுப்பலாம் என்று சாப்பாட்டுக்கு நடுவே பேச்சு. நானே போய்க் கூப்பிடுகிறேன் என்றேன்.

கீழ் வளைவில் மெஷின் சத்தம் கேட்டது, நின்றது.