மருமகனின் ஊர்

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்பு மகள் நிலாணிக்கு,

அம்மாவின் முழங்கால் வலியைக் கணக்கில் எடுக்காவிட்டால் நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கும் குஞ்சும் சுகமாயிருக்க முருகனை மன்றாடுகிறேன். மருமகன் ஜோசுவாவின் தங்கை நீங்கள் இருக்கும் பிறீரவுனுக்கு வருகிறாள் என்றதும் அம்மா மிளகாய்த்தூள் திரித்துக் கட்டிவிட்டா, அந்தப் பொதிக்குள் இதையும் வைக்கிறேன். போனில் கதைக்கலாமே என்பாய், போன் அடித்தால் அம்மா பறித்துவிடுவா, எனக்கு மிஞ்சுவது "சரி பிள்ளை, வைக்கிறன்" மட்டும்தான்.

மருமகனுக்கு சியரா லியோன் குடியுரிமை கிடைத்த படத்தைப் பார்த்தோம். கடவுச்சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் அழுவதைப் பார்க்க எனக்கும் கண் கலங்கியது. இவ்வளவுக்கும் காரணம் உன் அம்மாவின் வாய். அவரை நீ முதல் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, தேத்தண்ணி வைக்க முதலே, எங்கள் சனம் யாரைக் கண்டாலும் கேட்பதுபோல எந்த ஊர் என்று கேட்டா. பிரம்டன் என்றார். அதுக்கு முதல்? ஜமேக்கா. அதுக்கு முதல்? தெரியாது அன்ரி, கப்பலில் அடிமையாக ஏற்றி வந்தவர்கள் எங்கள் ஊர்ப்பெயரை எழுதி வைக்கவில்லை என்று இங்கிலீசில் மெல்லச் சொன்னார். அந்தக் கேள்வி மனதில் கிடந்துதான் பூர்வீகம் அறியும் எச்சில் பரிசோதனைக்கு அனுப்பினாராம். சியரா லியோனின் மெண்டே சனம் என்று மறுமொழி வந்தது, அதைக் கொண்டு விண்ணப்பித்தார், அங்கே கெனிமா நகருக்குப் பக்கத்து ஊரொன்று தன் பிள்ளை என்று பெயர் வைத்து அவரை ஏற்றுக்கொண்டது. தேத்தண்ணியை மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடியிருந்தால் பிள்ளை இப்போது இங்கே பக்கத்தில் அஜக்ஸில் வீடு வாங்கியிருப்பாள் என்று பகிடி விட்டேன், அம்மா சிரிக்கவில்லை.

பிள்ளைப்பேறும் அங்கேதான், இனி இருப்பும் அங்கேதான் என்று நீ சொன்ன நாளிலிருந்து அவ சரியாகச் சாப்பிடுவதில்லை. மேலறையில் ஒருவரும் படுக்காத உன் கட்டிலுக்குக் கிழமைக்குக் கிழமை விரிப்பு மாற்றுகிறா. நானும் திறமில்லை, பின்னேரம் பக்கத்து வீட்டுக் கராஜ் கதவு திறந்தால் நீ வேலையால் வந்துவிட்டாய் என்று எழும்புகிறேன். உன்னைத் தேடுது மகள், இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை மார்க்கம் நகரில் சிவபாதம் அண்ணையின் மகளின் கலியாணம். சாப்பாட்டு மேசையில் ஒரு மனிசி, உங்கள் மருமகன் எந்த ஊர் என்று கேட்டா. இத்தனை வருசமும் பிரம்டன் என்று சொல்லிக் கதையை மாற்றிய உன் அம்மா நிமிர்ந்து இருந்து, "கெனிமாவுக்குப் பக்கத்திலை. அங்கை அவருக்குச் சொந்த சனம் இருக்கு" என்றா. அது எவடம் என்று மற்றவ கேட்க, ஊரில் எங்கள் அச்சுவேலிக்கு வழி சொல்வதுபோல இவ வழி சொன்னா. காருக்குள் ஏறியதும் அழத் தொடங்கினா, 401 நெடுஞ்சாலை முழுக்க அழுதா.

பேறுக்கு நாங்கள் வருகிறோம், மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு நாள் எடுத்தாயிற்று, பேற்றுக்குப் பிறகு உனக்குக் காய்ச்சித் தரச் சரக்குத்தூள் அம்மா கையோடு கொண்டு வருவா. நுளம்பு வலைக்குள் படு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் வாழ வேணும். ஒன்றை மட்டும் மறக்காதே. நாளைக்கு என் பேரப்பிள்ளையை எந்த ஊர் என்று கேட்டால் கெனிமாப் பக்கம் என்றே சொல்லட்டும், அது தகப்பன் தேடி எடுத்த ஊர். கேட்கிறவர் விடாமல் அதுக்கு முதல் என்று கேட்டால், ஸ்காபரோவில் எங்களுக்கு ஒரு மேலறை இருக்கிறது என்று சொல்லப் பழக்கு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
இராசரத்தினம்