ஹொசோகாவா அம்மாவுக்கு மூச்சு தந்த லாரி

அன்புள்ள நத்ஸுயோ,

நீயும் குழந்தையும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

புயலில் கம்பங்கள் சாய்ந்து, இந்தச் சிபா கடற்கரையில் ஒரு வாரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டு ஹொசோகாவா அம்மாவின் மூச்சுக் கருவி, பேட்டரி தீர்ந்து நின்றுவிடும்போல் இருந்தது. என் சின்ன லாரியை அவர் வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, அதிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். பெட்ரோல் தீரத் தீர, தெருக்காரர்கள் தங்கள் வண்டிகளிலிருந்து எடுத்து ஊற்றினார்கள்.

"உனக்குக் குப்பையைப் பிரிச்சுப் போடத் தெரியல. உன் வண்டியாவது உருப்படியா இருக்கே" என்றார், குப்பை நாள்தோறும் என்னைத் திட்டும் அந்த அம்மா. எல்லாரும் சிரித்தோம்.

நேற்று மின்சாரம் வந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

முள்ளங்கி ஊறுகாய் கொஞ்சம் நறுக்கி அனுப்பு. இங்கே கத்தி இருக்கிறது, ஆனாலும் நீயே நறுக்கு.

படகுத்துறையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் ஷூஜி